மலை உச்சியில ஒரு மைக்: குரங்கணி சரிவிலிருந்து கொஞ்சம் ரேடியோ வரலாறு

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு கேள்வி. கோடைப் பண்பலை 100.5 ஏன் உங்க ஊர் டீக்கடையில அவ்வளவு தெளிவா கேக்குது? பெரிய டிரான்ஸ்மிட்டர்னு சொல்வீங்க. அது பாதி பதில்தான். மீதி பாதி கொடைக்கானல். அதே டிரான்ஸ்மிட்டரை போடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வெச்சிருந்தா, இத்தனை மாவட்டத்துக்கு எட்டியிருக்காது.

காரணம் ரொம்ப எளிமை. எஃப்.எம், வாக்கி டாக்கி மாதிரி சமாச்சாரங்கள் பயன்படுத்துற அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டுல போகும். பூமி உருண்டை, அதனால ஒரு தூரத்துக்கு மேல தரை குறுக்கே வந்துடும். காலேஜ்ல பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணின சூத்திரம் ஒண்ணு உண்டு: உயரத்தை மீட்டர்ல எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல பெருக்கினா ரேடியோ தொடுவானம் எத்தனை கிலோமீட்டர்னு வரும். தரையில நிக்கிற ஆளோட கையில, ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்கிற வாக்கி டாக்கிக்கு 5 கிலோமீட்டர். சமவெளியை விட 2000 மீட்டர் மேல நின்னா சுமார் 184 கிலோமீட்டர். செட்டும் பேட்டரியும் அதேதான், மாறினது நிக்கிற இடம் மட்டும்.

இந்த சூத்திரம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு கூட்டம் உச்சி உச்சியா ஏறிக்கிட்டு இருந்தது. 1802-ல சென்னை பரங்கிமலை பக்கத்துல அடிக்கோடு அளந்து நில அளவையை ஆரம்பிச்ச வில்லியம் லாம்டனோட ஆட்கள்தான் அது. அவங்க வேலையே ஒரு உச்சியிலிருந்து இன்னொரு உச்சியைப் பாத்து கோணம் அளக்கறது. தூக்கிட்டுப் போன தியோடலைட் கருவி சுமார் அரை டன். மலை இல்லாத இடத்துல கோபுரம் ஏறினாங்க. 1808-ல தஞ்சாவூர் பெரிய கோயில் மேல ஏத்தும்போது கயிறு அறுந்து கருவி அடிபட்டது. லாம்டன் வாரக்கணக்கா உக்காந்து தானே அதைச் சரி பண்ணினார். 1821-ல வார்ட் என்கிற இன்னொரு அளவையாளர் பழனி மலைமேல ஏறினார். இவங்களுக்கெல்லாம் தேவைப்பட்டது ஒண்ணுதான்: குறுக்கே எதுவும் மறைக்காத இடம். இன்னிக்கு ரேடியோக்காரன் தேடறதும் அதேதான்.

சரி, நம்ம குரங்கணிக்கு வருவோம். போடியிலிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர், மலையடிவாரம். மேல டாப் ஸ்டேஷன், நடுவுல சென்ட்ரல் ஸ்டேஷன், கீழ கொட்டகுடி பக்கம் பாட்டம் ஸ்டேஷன். ரயிலே இல்லாத மலைக்கு எதுக்கு இத்தனை ஸ்டேஷன்னு புதுசா வர்றவங்க குழம்புவாங்க. மூணாறு தேயிலையை இறக்க 1902-ல மாடு இழுக்கிற ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டாங்க. 1908-ல அது சின்ன ரயிலா மாறிச்சு. டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயில்ல வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து ரோப்வேயில தொங்கிக்கிட்டே கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் வண்டியில போடி.

1924 ஜூலையில வந்த பெருவெள்ளம் அந்த ரயிலை அடிச்சுட்டுப் போயிடுச்சு. திரும்பக் கட்டவே இல்லை. பேர் மட்டும் மலையில ஒட்டிக்கிட்டு நிக்குது.

அதே 1924 ஜூலை 31-ந் தேதி சென்னையில வேற ஒண்ணு ஆரம்பிச்சது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்நின்று மே மாசம் தொடங்கின மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அன்னிக்குத்தான் ஒலிபரப்பைத் தொடங்கிச்சு. 40 வாட் டிரான்ஸ்மிட்டர். அரசாங்கம் நடத்தலை, ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தினது. காசு இல்லாம 1927 அக்டோபர்ல நின்னுபோச்சு, பின்னாடி 1930-ல சென்னை மாநகராட்சி எடுத்து நடத்துச்சு. தமிழ்நாட்டு ரேடியோ ஒரு பொழுதுபோக்குக் கிளப்புல பொறந்ததுங்கறது நம்மள்ல பல பேருக்குத் தெரியாது.

ஆனா அந்தக் காலத்து ஹாம் ரேடியோவை மலைக்குத் தூக்கிட்டுப் போறது லேசுப்பட்ட காரியம் இல்லை. வால்வு செட்டு, ஈய பேட்டரி, எல்லாம் கனம். அமெரிக்காவுல 1933-லிருந்து ‘ஃபீல்டு டே’ன்னு வருஷம் ஒரு தடவை செட்டைத் தூக்கிட்டு வெளியில போய்ப் பழகறாங்க. கரண்ட் இல்லாத இடத்துல நிலையத்தை நிறுவத் தெரியணும்கறதுதான் நோக்கம். டிரான்சிஸ்டரும் லித்தியம் பேட்டரியும் வந்தப்புறம்தான் முழு நிலையமும் ஒரு முதுகுப்பைக்குள்ள அடங்குச்சு.

2002 மார்ச் 2-ந் தேதி பிரிட்டனில் ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’, சுருக்கமா சோட்டா, தொடங்கினாங்க. விதிகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உச்சியிலிருந்து 25 மீட்டர் உயரத்துக்குள்ள நின்னு பேசணும். கார்ல உக்காந்து பேசினா செல்லாது, ஜெனரேட்டர் கூடாது, கடைசி ஏற்றம் சொந்தக் கால்ல (சைக்கிளும் ஓக்கே). நாலு பேரோட பேசினாத்தான் மலைக்குரிய மதிப்பெண், 1000 சேர்ந்தா ‘மலை ஆடு’ பட்டம் :-) வீட்டுல உக்காந்து உச்சியில இருக்கறவனைத் தேடிப் பேசறவங்களுக்கும் தனிக் கணக்கு உண்டு. 14 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டர் கம்பி, அதைத் தூக்கி நிறுத்த ஒரு கழி, அஞ்சு வாட் செட்டு. இது போதும், வானம் ஒத்துழைச்சா கண்டம் தாண்டியும் கேக்கும்.

‘வாட்ஸ்அப் இருக்கே, இது எதுக்கு வெட்டி வேலை’ன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. 2004 டிசம்பரைச் சொன்னேன். பல வருஷம் ஹாம்களுக்கு அனுமதி கிடைக்காம இருந்த அந்தமானுக்கு பாரதி பிரசாத்தும் குழுவும் போயிருந்தாங்க. உலகம் முழுக்கப் பேசிப் பாக்கற பொழுதுபோக்குப் பயணம். 26-ந் தேதி சுனாமி. தொலைபேசி அறுந்து கிடந்த போர்ட் பிளேர்லேர்ந்து அதே செட்டுகள் வழியாத்தான் எத்தனையோ பேரோட நலச் செய்தி வெளியே வந்தது. விளையாட்டுக்காகக் கட்டின ஆன்டெனா அன்னிக்கு உதவுச்சு.

இப்ப சொல்லாம இருக்க முடியாதது. 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கின மலையேற்றக்காரங்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தாங்க. நிறைய பேர் இளவயசுப் பெண்கள். சென்னையில என்னை மாதிரி வாரம் முழுக்கப் பொட்டி தட்டிட்டு சனி ஞாயிறு மலைக்குப் போறவங்களோட உலகம் அது. அதனாலதான் இன்னும் உறுத்துது.

ஒரு ரேடியோ இருந்திருந்தா எல்லாரும் பிழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்லமாட்டேன். காத்தோட ஓடி வர்ற தீக்கு முன்னாடி அப்படிச் சொல்றது திமிர். ஆனா ஒண்ணு சொல்லலாம். மடிப்பு மடிப்பா இருக்கிற சரிவுல ஒரு திருப்பத்துல சிக்னல் வரும், அடுத்த திருப்பத்துல மலையோட நிழல் விழுந்து காணாமப் போகும். பள்ளத்துல இருக்கிற ரெண்டு பேருக்கு ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காது. முகட்டுல ஒரு ஆள் நின்னா ரெண்டு பக்கமும் அவனுக்குக் கேக்கும். இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் சொல்லலாம். சோட்டாக்காரங்க மதிப்பெண்ணுக்காகப் பழகறது உண்மையில இந்தத் திறமையைத்தான்: எந்த இடத்துல நின்னா எங்க கேக்கும், பேட்டரி எத்தனை நேரம் தாங்கும், பதட்டமில்லாம சுருக்கமா எப்படிச் சொல்றது. இதை ஆபத்து வந்த அன்னிக்குக் கத்துக்க முடியாது.

ஆசை வந்துச்சுன்னா ரெண்டு அனுமதி வேணும். ரேடியோவுக்கு மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பரீட்சை எழுதி லைசென்ஸ். மலைக்கு வனத்துறை அனுமதி. 2024 அக்டோபர்ல ‘ட்ரெக் தமிழ்நாடு’ன்னு 40 பாதைகளை ஆன்லைன் பதிவோட அரசே திறந்திருக்கு. கோடையில தீ அபாயம்னு பாதையை மூடினா, மூடினதுதான். அதுக்குக் குறுக்கு வழி தேடாதீங்க.

உச்சிக்குப் போனா முதல்ல செல்ஃபி எடுப்போம், தப்பில்லை. கூட்டத்துல ஒருத்தராவது அங்கேர்ந்து யாருக்குக் கேக்குதுன்னு பேசிப் பாத்து வைக்கட்டும்.