ஷிஃப்ட் பஸ்ஸுக்கு எந்த இயர்பட்ஸ்? 49 டெசிபலா, 50 டெசிபலா?

காலை ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் நோக்கிப் போகும் கம்பெனி பஸ்களில் பலர் காதில் இயர்பட்ஸ் இருக்கும். இன்ஜின் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டும் என்பதால் வால்யூம் ஏறிக்கொண்டே போகும். இறங்கினால் ஷிஃப்ட் முழுக்க மெஷின் சத்தம். காதுக்கு ஓய்வு எப்போது?

இதனால்தான் இரைச்சலைக் குறைக்கும் ‘நாய்ஸ் கேன்சலிங்’ இயர்பட்ஸை, சுருக்கமாக ஏ.என்.சி பட்ஸை, பலரும் தேடுகிறார்கள். ஐயாயிரத்துக்குள் பார்த்தால் கண்ணில் படும் இரண்டு, ஒன்பிளஸ் நார்ட் பட்ஸ் 3 ப்ரோ, சிஎம்எஃப் பட்ஸ் ப்ரோ 2. இரண்டுமே 2024 ஜூலையில் வந்தவை. அறிமுக விலை முறையே 3,299 ரூபாய், 4,299 ரூபாய். இரைச்சல் குறைப்பு 49 டெசிபல் வரை என்கிறது முதல் நிறுவனம், 50 டெசிபல் வரை என்கிறது அடுத்தது.

அப்போ 50 தானே பெட்டர்?

இல்லை. பட்ஸில் உள்ள மைக் வெளிச் சத்தத்தைப் பிடிக்கும். அதற்கு நேர் எதிரான ஒலி அலையை ஸ்பீக்கர் உருவாக்கும். இரண்டும் சேரும்போது சத்தம் அடங்கிவிடும். பஸ் இன்ஜின், ஏசி போல ஒரே சீராக வரும் தாழ்ந்த உறுமலுக்கு இது பிரமாதமாக வேலை செய்யும். திடீர் ஹாரன், பின் சீட் அரட்டை இதெல்லாம் அந்த அளவுக்கு அடங்காது. அவற்றைத் தடுப்பது பெரும்பாலும் காதை அடைக்கும் சிலிக்கான் முனைதான். 49, 50 என்பதெல்லாம் குறிப்பிட்ட அலைவரிசையில் கிடைக்கும் உச்ச அளவு, எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையாது. ஒரு டெசிபல் வித்தியாசம் காதுக்குத் தெரிவதே கஷ்டம்.

எனவே முதலில் முனையைப் பாருங்கள். இரண்டு பெட்டியிலும் மூன்று சைஸ் வரும். மாட்டிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். உங்கள் குரலே தலைக்குள் கனமாக ஒலித்தால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. இல்லையென்றால் எந்த டெசிபலும் உதவாது.

அந்த 1,000 ரூபாய் எதற்கு?

சிஎம்எஃப்-இல் ஒரு காதுக்கு இரண்டு டிரைவர், எல்டாக் ஒலித்தரம், கேஸிலேயே வால்யூம் திருகு. எல்டாக் ஆண்ட்ராய்டில்தான் பயன்படும். சுங்குவார்சத்திரத்தில் தயாராகும் ஐபோனில் அது கிடையாது! ஐபோன்காரர்கள் அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம். பேட்டரி, கேஸோடு சேர்த்து 44, 43 மணி நேரம் என்பது ஏ.என்.சி-யை ஆஃப் செய்த கணக்கு. ஆன் செய்தால் கிட்டத்தட்ட பாதிதான்.

பஸ் பயணத்துக்கு மட்டும் என்றால் நார்ட் போதும் என்பதே நம்ம கணக்கு. ஆண்ட்ராய்டில் பாட்டை ரசித்துக் கேட்பவர் சிஎம்எஃப் பக்கம் போகலாம். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குபவர்களுக்கு ஒரு தகவல்: இரண்டுமே காம்பு வைத்தவை, குத்தும்.

வால்யூம்தான் முக்கியம்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் வெறும் 4 மணி நேரம். தொழிற்சாலைக்குள் இந்திய விதிகள் அனுமதிக்கும் வரம்பே 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். பிரஸ் ஷாப்பில் இருந்து வரும் காதுக்கு பஸ்ஸிலும் 90 என்றால் தாங்குமா? ஏ.என்.சி-யின் உண்மையான லாபம், இரைச்சல் குறைவதால் வால்யூமையும் நாம் குறைக்க முடிவதுதான்.

இதையே ஷாப் ஃப்ளோரில் காதுக் கவசமாகப் போட்டுக்கொள்ளலாமா என்றால், கூடாது. அதற்குரிய பாதுகாப்புச் சான்று இதற்குக் கிடையாது. கம்பெனி கொடுக்கும் ஃபோம் இயர்பிளக்தான் அங்கே சரி. பைக்கில் வருபவர்கள் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில் பின்னால் என்ன வருகிறது என்று காதுக்குத் தெரிய வேண்டும். பஸ்ஸில் இருந்தாலும் ஸ்டாப் நெருங்கும்போது ‘டிரான்ஸ்பரன்ஸி’ மோடுக்கு மாற்றுங்கள். இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது.