நிரந்தரப் பத்திரம்

அரியலூர்க்காரர்களிடம் 'நிரந்தரம்' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். பெரம்பலூரிலிருந்து பிரித்து 2001-ல் அவர்கள் ஊரைத் தனி ஜில்லாவாக்கினார்கள். மறு வருஷமே திரும்பவும் பெரம்பலூருடன் சேர்த்தார்கள். 2007-ல் மறுபடியும் தனி ஜில்லா. பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கு நல்ல பிழைப்புத்தான்! ஆனால், சர்க்கார் கொடுப்பது எத்தனை நாளைக்கு என்று தெரியாவிட்டால், அதை நம்பி யார் கடை வைப்பார், யார் கடன் கொடுப்பார்?

இந்தக் கேள்வியில் அமெரிக்காவில் ஒரு தொழிலே சிக்கிக்கொண்டு தவித்தது. எங்கள் பக்கத்தில் ஹெலிகாப்டர் என்றால், தேர்தல் சமயத்தில் தலைவர்களை இறக்கிவிட்டுப் புழுதியைக் கிளப்பிப் போகும் யந்திரம். அதை டவுன் பஸ் மாதிரி நேரம் வைத்து ஓட்டிப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள்.

1947 அக்டோபர் 1-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் ஏர்வேஸ் கம்பெனி ஹெலிகாப்டரில் தபால் சுமக்கத் தொடங்கியது. விமான நிலையத்திலிருந்து கிளம்பித் தபால் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே போய் இறங்கும்! 1949-ல் சிகாகோ, 1952-ல் நியூயார்க். பிறகு பிரயாணிகளும் ஏறினார்கள்.

ஆனால் டிக்கெட் காசில் இந்தத் தொழில் கட்டுப்படியாகவில்லை. சுழல்கிற, தேய்கிற உறுப்புகள் ஏராளம்; அவற்றை ஓயாமல் சோதித்து மாற்ற வேண்டும். ஏறுகிறவர்களோ ஏழெட்டுப் பேர். சர்க்கார் மானியத்தில்தான் வண்டி ஓடியது. சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு கொடுத்த அனுமதிப் பத்திரமும் காலக்கெடு உள்ளதுதான். பெரிய விமானக் கம்பெனிகளுக்கு 1938-ம் வருஷச் சட்டமே நிரந்தரப் பத்திரம் கொடுத்துவிட்டது. சின்ன ஊர்களுக்குப் பறந்த கம்பெனிகளுக்கு 1955-ல் தனிச் சட்டம் வந்தது. அதில் ஹெலிகாப்டருக்கு இடமில்லை.

பெரிய யந்திரம் வாங்கினால் நஷ்டம் குறையும் என்றன கம்பெனிகள். வாங்கக் கடன் வேண்டும். கடன் கொடுக்கிறவன் நிரந்தரப் பத்திரத்தைக் கேட்பான். சர்க்கார் தரப்போ, மானியமில்லாமல் காலூன்றிக் காட்டட்டும் என்றது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை! யாரோ ஒருவர் முதலில் நம்பியிருக்க வேண்டும். அது சர்க்காராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஊரார் வரிப்பணத்தில் அவசரக்கார வியாபாரிகளுக்கு ஆகாய சவாரி எதற்கு என்று கேட்டவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன்.

1962-ல் 28 பேர் ஏறும் ஸிகார்ஸ்கி யந்திரம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தே சேர்ந்தது. மூன்றே வருஷத்தில், 1965-ல், மானியம் நின்றது. 1968-ல் மே மாதம் ஒன்றும் ஆகஸ்டு மாதம் ஒன்றுமாக இரண்டு யந்திரங்கள் விழுந்து 44 பேர் மாண்டார்கள். கம்பெனி அதன் பிறகு தலை தூக்கவில்லை. நியூயார்க்கில் 1977-ல் பான் அம் கட்டடத்தின் உச்சியில் நின்ற ஹெலிகாப்டர் சாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கீழே தெருவில் போய்க்கொண்டிருந்தவர். 1979-ல் அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது.

நம் நாட்டில் இந்த வழக்கே எழவில்லை. 1953-ல் விமானக் கம்பெனிகளைச் சர்க்காரே எடுத்துக்கொண்டது. 1985-ல் ஹெலிகாப்டருக்கென்று 'பவன் ஹன்ஸ்' கம்பெனியையும் சர்க்காரே தொடங்கியது. பம்பாய்க் கடலிலுள்ள எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிப் போவது அதற்குக் கிடைத்த பெரிய வேலை. வாடகை கொடுத்த ஓ.என்.ஜி.சி.யும் சர்க்காருடையதுதான்.