நோய் தந்த நிறம்

எங்கள் வீட்டு அந்திமந்தாரையில் போன வாரம் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட பூ ஒன்று பூத்தது. "செடிக்கு ஏதோ சீக்கு சார், பிடுங்கிப் போடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு ஹாலந்து ஞாபகம் வந்தது.

1630-களில் அங்கே, வெள்ளை இதழில் தீ நாக்குபோல் சிவப்பு ஓடிய 'செம்பர் அகஸ்டஸ்' துலிப் கிழங்குக்கு எக்கச்சக்க விலை. ஒற்றை நிறத் துலிப் ஒரு வருடம் திடீரென்று கோடு போட்டுப் பூக்கும். ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1637 பிப்ரவரியில் துலிப் விலை சரிந்தது. கோட்டின் காரணம் தெரியவோ 1928 வரை ஆனது. இங்கிலாந்தில் டோரத்தி கேய்லி என்ற பெண் விஞ்ஞானி, கோடு போட்ட கிழங்கின் துண்டை நல்ல கிழங்கோடு ஒட்டவைத்து, இது தொற்றுகிற நோய் என்று காட்டினார். வைரஸ்தான், பரப்புவது அசுவினிப் பூச்சி. நோய் வந்த கிழங்கு மெலிந்துபோகும், குட்டிக் கிழங்குகளும் குறைவாகவே விடும். அதனால் அபூர்வம், அதனால் அந்த விலை.

அந்திமந்தாரை கதை வேறு. அதன் கோடு நோயல்ல, பரம்பரைக் குணம். விதை வழியாகவும் வரக்கூடியது. இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். செடி பிழைத்தது. இப்போது அவரே நாலு விதை கேட்டிருக்கிறார்.