மேடையேறிய கணிப்பொறி

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தவில்காரர் நாதசுரக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். நாதசுரம் நிதானித்தால் தவிலும் நிதானிக்கும். விரைந்தால் தவிலும் விரையும். ஒருவர் மற்றவருக்குக் காது கொடுப்பதே சேர்ந்து வாசிப்பதன் அடிப்படை. காதே இல்லாத பொறி ஒன்று மேடைக்கு வந்தபோது என்ன நேர்ந்தது என்பதை இன்று காண்போம்.

1951ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், பின்னாளில் 'சைராக்' எனப் பெயர் பெற்ற கணிப்பொறி, மக்கள் அறிந்த மெட்டுகளை இசைத்துக் காட்டியது. கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்பதை ஒலியால் அறிவதற்காக அதில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. அதைக்கொண்டே ஜெஃப் ஹில் என்பவர் பொறியை இசைக்க வைத்தார். ஆயினும் அது தனியாகவே இசைத்தது. பக்கத்தில் வாத்தியக்காரர் எவரும் இல்லை.

கணிப்பொறியும் மனிதரும் சேர்ந்து வாசித்த கதையில் ஜப்பானுக்குத் தனி இடம் உண்டு. கனடா நாட்டு இசையமைப்பாளர் ரால்ஃப் டைக் உருவாக்கிய மாதிரியைக் கொண்டு, ரோலண்ட் நிறுவனம் 1977இல் 'எம்.சி.8' என்னும் கருவியை வெளியிட்டது. ஒவ்வொரு சுரத்தின் உயரத்தையும் நீளத்தையும் எண்களாக அதில் அழுத்திப் பதியவேண்டும். ஏறத்தாழ 5,200 சுரங்கள் அதற்குள் அடங்கும். அந்த எண்களின்படி அது 'சின்தசைசர்' எனப்படும் மின்னிசைக் கருவியை இயக்கும்.

1978இல் ஹருவோமி ஹோசோனோ, யுகிஹிரோ தகாஹாஷி, ரியுச்சி சகாமோட்டோ ஆகிய மூவரும் 'எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா' என்னும் குழுவைத் தொடங்கினர். மேடையில் பொறியைக் கவனிக்க ஹிடேகி மட்சுடாகே என்பவர் உடன் இருந்தார். 1979, 1980ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவர்கள் வாசித்தனர்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. டிரம் வாசித்த தகாஹாஷி காதில் ஹெட்ஃபோன் அணிந்து, பொறி தட்டிய தாளத்தைக் கேட்டே வாசித்தார். பொறி அவருக்காகக் காத்திராது. அவர்தான் பொறியோடு ஒத்துப்போக வேண்டும். தவில்காரரின் நிலைமை தலைகீழாயிற்று!

பிழைப்பைப் பற்றிய அச்சமும் எழுந்தது. 1982இல் பிரிட்டிஷ் இசைக் கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளை ஒன்று, சின்தசைசரையும் தாள இயந்திரத்தையும் தடை செய்யவேண்டுமெனத் தீர்மானம் போட்டது. சங்கம் முழுவதும் அதை ஏற்கவில்லை. ஆனால் கூலிக்கு வாசிப்பவரின் கவலை பொய்யான கவலை அன்று.

அப்படியானால் பொறிக்குக் காது கொடுக்க இயலாதா? 1984இல் ரோஜர் டேனன்பெர்க், பாரி வெர்கோ ஆகிய இருவரும் தனித்தனியே அதற்கு வழி கண்டனர். மனிதர் வாசிப்பதைக் கணிப்பொறி கேட்கும்; தன்னிடமுள்ள பாட்டோடு ஒப்பிட்டு, அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று அறியும்; அவர் நிதானித்தால் தானும் நிதானிக்கும். பக்கவாத்தியத்தின் பண்பைப் பொறி கற்கத் தொடங்கியது அப்போதுதான்.

நேயர்களே, பொறி நம் வேகத்திற்கு வருகிறதா, நாம் அதன் வேகத்திற்கு ஓடுகிறோமா? இது இசைமேடைக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. பொறியோடு வேலை செய்யும் எவருக்கும் உரியது. பொறிக்குக் காது வைப்பதும் வைக்காததும் மனிதர் எடுக்கும் முடிவு. அதை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.