ஆட்டத்தைப் பாடமாக்கிய லுட்மிலா பகோமோவா

கலைஞர் ஒருவரின் பெருமையை அவர் பெற்ற பரிசுகளைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. எனினும், அவர் மறைந்த பின்னர் அவருடைய கலை யாரிடத்தில் வாழ்கின்றது என்று நோக்குவதே சிறந்த அளவுகோலாகும். உருசியப் பனித்தள நடனமணி லுட்மிலா பகோமோவாவின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

பனித்தள நடனமாவது, ஆணும் பெண்ணும் எஃகுத் தகடு பொருத்திய காலணி அணிந்து, இசைக்கேற்ப உறைபனித் தளத்தில் வழுக்கி ஆடும் கலையாகும். துணையைத் தலைக்குமேல் உயர்த்துவதும் பலமுறை சுழன்று தாவுவதும் இதற்கு உரியன அல்ல. காலடி நுட்பமும் இருவர்தம் இசைவுமே இதன் உயிர். உலகப் போட்டியில் இக்கலை 1952ஆம் ஆண்டு இடம்பெற்றது. அன்று முதல் 1960 வரை பட்டம் வென்றோர் அனைவரும் பிரிட்டிஷாரே. நடன மண்டப ஆட்டங்களைத் தழுவிய அவர்களது முறையே இலக்கணமாகக் கருதப்பட்டது.

1946ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்த பகோமோவா, முதலில் வேறொருவருடன் ஆடிச் சோவியத் நாட்டின் பட்டத்தை வென்றவர். 1966இல், அத்துணைப் பெயர் பெறாத அலெக்சாண்டர் கோர்ஷ்கோவைத் துணையாக ஏற்றார். ஆசிரியை எலேனா சைக்கோவ்ஸ்கயாவின் பயிற்சியில் இருவரும் உருசிய நாட்டுப்புற ஆடலையும் பாலேயின் மெய்ப்பாட்டையும் பனித்தளத்திற்குக் கொணர்ந்தனர். 1970 முதல் 1974 வரை ஐந்து முறை தொடர்ந்து உலகப் பட்டம் பெற்றனர். கோர்ஷ்கோவுக்கு நுரையீரலில் அறுவைச் சிகிச்சை நடந்தமையால் 1975ஆம் ஆண்டின் உலகப் போட்டி கைநழுவிற்று. ஆயினும், 1976இல் ஆறாம் முறையும் உலகப் பட்டம் அவர்களுடையதாயிற்று. அதே ஆண்டு இன்ஸ்புருக் நகரில், ஒலிம்பிக் விளையாட்டில் முதன்முதல் இடம்பெற்ற பனித்தள நடனப் போட்டியிலும் பொற்பதக்கம் பெற்றனர்.

போட்டியை விட்ட பின்னர் பகோமோவா பயிற்சி ஆசிரியையானார். அவரிடம் பயின்ற அன்னென்கோ, ஸ்ரெடென்ஸ்கி இணை 1982இலும், கிளாட்கோவா, ஷ்பில்பாண்ட் இணை 1983இலும் இளையோர் உலகப் பட்டம் பெற்றன. கற்பிக்கும் பணி முதிரும் வேளையில், 1986 மே 17ஆம் நாள், கடும் நோயால் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 39.

அவருடைய ஆசிரியப் பணி அத்துடன் முடிந்துவிடவில்லை. 1974இல் அவரும் கோர்ஷ்கோவும் சைக்கோவ்ஸ்கயாவும் சேர்ந்து அமைத்த 'டாங்கோ ரொமாண்டிகா' பின்னர்க் கட்டாய நடனங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு வரை நடைபெற்ற கட்டாய நடனத்தில் எல்லா இணையரும் ஒரே அடவுகளை, ஒரே தாள நடையில், வரையறுத்த கோலப்படி ஆட வேண்டியிருந்தது. ஆகவே, ஓர் இணையின் சொந்தப் படைப்பு அனைவரும் கற்கும் பாடமாயிற்று.

2010ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக்கில் கட்டாய நடனமாக அமைந்தது அதுவே. அங்குப் பொன்னும் வெள்ளியும் வென்ற கனடிய, அமெரிக்க இணையரின் பயிற்சியாளர் இருவருள் ஒருவர், பகோமோவாவின் மாணவர் இகோர் ஷ்பில்பாண்ட். ஆசிரியை மறைந்து ஏறத்தாழ 24 ஆண்டுகள் கழிந்த பின்னரும், அவர் அமைத்த அடவுகளை அவருடைய மாணவரின் மாணவர்கள் ஆடினர். பதக்கம் பெற்றவருடன் நின்றுவிடும். பாடமோ தலைமுறை கடந்து செல்லும்.