கமகம் கற்ற வயலின்: 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டு குறித்த ஒரு மறு ஆய்வு

1967-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியன்று லண்டனில் வெளியாகி, ராக் சங்கீதத்தின் போக்கையே மாற்றியதெனப் பிரசித்தி பெற்ற பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டை, தாமிரபரணிக் கரையிலுள்ள குழித்துறையில் அமர்ந்து மறுபடியும் கேட்கும்போது, இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் அமைந்த 'விதின் யூ விதவுட் யூ' என்னும் பாட்டிலேயே மனம் தங்கிவிடுகிறது. ஏனைய பாட்டுகளைப் பற்றி மேனாட்டார் எழுதிக் குவித்தது போதும்.

இப்பாட்டை இயற்றிய பீட்டில்ஸ் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுக்கு இந்திய சங்கீதத்தில் உண்டான ஈடுபாடு படிப்படியாக வளர்ந்தது. 1965-இல் 'நார்வீஜியன் வுட்' பாட்டில் சிதார் வெறும் அலங்காரமாகவே ஒலித்தது. மறுவருஷம் 'லவ் யூ டூ' பாட்டில் தபலாவும் சேர்ந்தது. அவ்வருஷமே சிதார் வித்துவான் ரவிசங்கரைச் சந்தித்து, செப்டம்பரில் பம்பாய்க்கு வந்து அவரிடம் சிட்சை பெற்ற பிறகே, பாட்டின் சரீரமே நம் முறையில் அமைய வேண்டுமென்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. ரவிசங்கர் அகில இந்திய வானொலிக்கென இயற்றிய நீண்டதொரு இசைக்கோவையைத் தழுவி 'விதின் யூ விதவுட் யூ' பாட்டை ஹாரிசன் ஆர்மோனியத்தில் தொடங்கினார். கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் வாசிப்பதற்கு, உதவாதென்று அதே வானொலி 1940 முதல் விலக்கி வைத்திருந்த வாத்தியம் அது என்பது விநோதமே.

1967 மார்ச் 15-ஆம் தேதி நடந்த ஒலிப்பதிவில் மற்ற மூன்று பீட்டில்ஸ்களும் வாசிக்கவில்லை. வில்லால் வாசிக்கும் தில்ரூபா, தபலா, தம்புரா ஆகியவற்றை லண்டன் ஏஷியன் மியூசிக் சர்க்கிளைச் சேர்ந்த இந்தியர் வாசித்தனர். அவர்களுடைய பெயர்கள் உறையில் அச்சாகவில்லை. அவ்வுறைப் படத்தில் ஹாரிசன் விரும்பியபடி பரமஹம்ச யோகானந்தர் முதலிய நான்கு யோகியருக்கு இடம் கிடைத்தது. காந்தியடிகளின் உருவத்தையோ, இந்தியாவில் மனக்கசப்பு உண்டாகுமென்று அஞ்சிய இசைத்தட்டு நிறுவனம் ஈ.எம்.ஐ.யின் தலைவர் ஜோசப் லாக்வுட் நீக்கச் செய்தார். கல்கத்தாத் தம்தம் இசைத்தட்டு ஆலை அந்நிறுவனத்தின் இந்தியக் கிளையினுடையதாக அப்போது இருந்தது என்பதை நினைத்தால், அவ்வச்சத்தின் காரணம் விளங்கும்.

பாட்டின் ஸ்வரங்கள் நம் ஹரிகாம்போதியை ஒத்தவை. தம்புராவின் சுருதியின்மேல் தில்ரூபா மெல்ல எழுந்து, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிச் செல்கிறது. நடுவில் வரும் வாத்தியப் பகுதி ஐந்தைந்தாக நடப்பதால், நம் கண்ட நடை காதில் விழுந்தாற்போல் இருக்கிறது. ஏப்ரல் 3-ஆம் தேதி இசைத்தட்டின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எட்டு வயலின்களையும் மூன்று செல்லோக்களையும் இதனுடன் சேர்த்தபோது, தில்ரூபாவின் அவ்வழுக்கலை மேனாட்டு வில்லுக்காரர்கள் பின்பற்றும்படி ஸ்வரக்குறிப்பில் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஜாரு எனப்படும் இவ்வழுக்கல் மேனாட்டு வயலினுக்கு அந்நியமன்று. ஆயினும் அங்கே அது எப்போதாவது தலைகாட்டும் அணி, இங்கோ ராகத்தின் உயிர்.

இதைப் புதுமையென்று போற்றுவோர், ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே நம் நாட்டில் இதன் மறுதலை நிகழ்ந்ததை அறிவது நலம். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி, மணலியில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொணர்ந்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் சபையில் அதை வாசித்து, யானைத் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். அந்தத் திருவிதாங்கூர்ச் சீமையில்தான் எங்கள் குழித்துறையும் 1956 வரை இருந்தது. வயலின் இந்நாட்டுக்கு வந்தபின் உட்காரும் முறையையே மாற்றிக்கொண்டது: வித்துவான் சம்மணமிட்டு அமர்ந்து, வாத்தியத்தின் தலைப்பை வலக்கால் பாதத்தில் ஊன்றி, மறுமுனையை மார்போடு சாய்த்துக்கொள்வார், வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லாமையால் இடக்கை விரல்கள் தந்தியின் நெடுகிலும் தடையின்றி இழையும். லண்டன் கலைஞர்கள் தாடையில் வைத்துக்கொண்டே ஒரு நாளில் கற்றது அவ்விழைவின் சிறு சாயல்.

1974-இல் ஹாரிசன் வட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது, ரவிசங்கரின் குழுவில் டி.வி. கோபாலகிருஷ்ணன் மிருதங்கத்துடன் அமர, அசல் கமகத்தோடு வயலின் வாசித்தவர் எல். சுப்பிரமணியம்.