மறையாத கை

1962-இல் 'வேலியன்ட்' என்னும் ஆங்கில வார இதழில் பிறந்த கதைமாந்தன் ஒருவன், பத்தாண்டுகள் கழித்துச் சிவகாசியில் மறுபிறவி எடுத்தான். கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த லூயிஸ் கிராண்டேல், 1972-இல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே 'இரும்புக்கை மாயாவி' ஆனான். 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர்; தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது; லேபிளுக்காக அச்சகங்கள் பெருகின. அந்த அச்சுத்தொழில் வளர்த்த ஊரிலிருந்துதான் மாயாவியும் வந்தான்.

சூலக்கரையில் வளர்ந்த நமக்குச் சிவகாசி ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். ஆயினும் மாயாவி நமக்கு எங்கோ தொலைதேசத்தவன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் காற்றில் மிதந்துவரும் காட்சிக்காகவே படித்தோம். (மின்கம்பியைத் தொட்டுப் பார்க்க எவரும் துணியாதது இறையருள்!) அவன் கை போன வரலாற்றை விரைந்து புரட்டிவிட்டோம்.

ஐம்பதைக் கடந்தபின் மறுபதிப்பை வாசிக்கையில் அவ்விடத்திலேயே நின்றுவிட்டோம். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்த உதவியாளன் அவன். முதற் கதையில் அவன் வீரனே அல்லன். தன் ஆற்றலைத் திருட்டுக்குப் பயன்படுத்துகிறான். நிழற்படை உளவாளியாவது பின்னர்தான். சிறுவயது நினைவில் தங்கியதோ உளவாளி மட்டுமே.

வேலையிடத்தில் கை இழந்தவன் நம் பகுதிக்கு அயலானா? பட்டாசு மருந்து கலக்கும் அறையில் சிறு உராய்வே போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்ததை இங்கு யாரும் மறக்கவில்லை.

மாயாவி கதைகள் அச்சேறிய எழுபதுகளிலும் எண்பதுகளிலும், அவற்றை வாசித்தோரின் வயதேயான சிறுவர் சிறுமியர் விடியுமுன் தீப்பெட்டி ஆலை வண்டிகளில் ஏறினர், கட்டை அடுக்கவும் லேபிள் ஒட்டவும். எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிச் சிறாரை வேலைக்கு வைப்போர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அக்குழந்தைகள் கல்வி பெற வேண்டும் என ஆணையிட்டது. வண்டியில் ஏறிய நம் தலைமுறைக்கு அது காலம் கடந்த தீர்ப்பு.

அன்றைய மாயாவி இதழ்களை இன்று தேடிச் சேர்ப்போரில் பலர் ஐம்பது, அறுபது வயதினர். அந்த வண்டிகளில் ஏறியோருக்கும் அதே வயதுதான். அவர்கள் விரல்பட்ட வண்ண அச்சுத்தாள் பெரும்பாலும் தீப்பெட்டி லேபிளாகவே இருந்திருக்கும்.